கழுத்து வலியும் நரம்பு ஊசியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கழுத்து முள்ளெலும்புகள் ஏழாக இருக்க, கழுத்துத் தண்டுவட நரம்புகள் எட்டு இணைகளாக உள்ளன. ஒவ்வொரு நரம்பும் முதுகெலும்பை விட்டு வெளிவந்ததும் முன்கிளை, பின்கிளை என இரண்டாகப் பிரிகிறது. பின்கிளையிலிருந்து கிளைக்கும் மெல்லிய இழைகளுள் நடுக்கோட்டை நோக்கிச் செல்வதற்கு உட்கிளை என்று பெயர். அடுத்தடுத்த முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் இருபக்கமும் இணைக்கும் சிறு மூட்டுகளின், அதாவது முகப்பு மூட்டுகளின், வலியை மூளைக்கு எடுத்துச் செல்வது இந்த உட்கிளையே. நாட்பட்ட கழுத்து வலிக்குப் போடப்படும் நரம்புத் தடுப்பு ஊசியைப் பற்றிய பல தவறான எண்ணங்கள், இந்த அமைப்பை அறிந்தால் விலகிவிடும்.

நம்பிக்கை: படத்தில் தேய்மானம் தெரிந்தால் வலிக்குக் காரணம் அதுவே.

உண்மை: கழுத்து வலியே இல்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1990இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், 40 வயதுக்குக் குறைந்தோரில் 14 விழுக்காட்டினருக்கும் அதற்கு மேற்பட்டோரில் 28 விழுக்காட்டினருக்கும் குறைபாடுகள் தென்பட்டன. படம் கழுத்தின் அமைப்பைக் காட்டுமேயன்றி, எந்த மூட்டு வலிக்கிறது என்பதைக் காட்டாது.

நம்பிக்கை: வலிக்கும் இடத்திலேயே ஊசி போட வேண்டும்.

உண்மை: மூட்டு ஓரிடத்தில் இருக்க, வலி வேறிடத்தில் உணரப்படலாம். இரண்டாம், மூன்றாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டின் வலி பின்தலைக்கு ஏறுகிறது; ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலுள்ளதன் வலி தோள்பட்டையின் மேற்புறத்துக்குப் பரவுகிறது. மேலும், மூன்றாம் முள்ளெலும்புக்குக் கீழுள்ள ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு உட்கிளைகள் உணர்வளிப்பதால், ஐந்து–ஆறு மூட்டை மரக்கச் செய்ய ஐந்தாம், ஆறாம் உட்கிளைகள் இரண்டையுமே தடுத்தாக வேண்டும்.

நம்பிக்கை: நரம்பைத் தடுத்தால் கை விளங்காமல் போகும்.

உண்மை: கையை இயக்கும் நரம்புகள் முன்கிளைகளிலிருந்து தோன்றுகின்றன, உட்கிளைகளோ முகப்பு மூட்டுகளுக்கும் பிடரியின் ஆழ்தசைகளுக்கும் உரியவை. இவற்றின் பாதையை ஆஸ்திரேலிய உடற்கூற்றியலாளர் நிகோலாய் போக்டக் 1982இல் விரிவாக விளக்கினார். நடுக்கழுத்தில் உட்கிளை, மூட்டுகளைத் தாங்கும் எலும்புத் தூணின் ஒடுங்கிய இடையை ஒட்டி வளைந்து செல்வதால், மருத்துவர் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசிமுனையை அந்த எலும்பின் மீது நிறுத்தி, அரை மில்லிலிட்டருக்கு மிகாத மரப்பு மருந்தைச் செலுத்துகிறார். பின்தலைக்கு ஏறும் மூன்றாம் பிடரி நரம்பைத் தடுக்கும்போது மட்டும் சிறிது நேரம் நடையில் தள்ளாட்டம் ஏற்படலாம் என்பதால், துணைக்கு ஒருவர் உடனிருப்பது அவசியம்.

நம்பிக்கை: ஒரே ஊசியில் வலி நின்றால் நோய் உறுதி, குணமும் உறுதி.

உண்மை: மரப்பு மருந்தின் வேலை சில மணி நேரமே நீடிப்பதால், இந்த ஊசி முதன்மையாக நோயறியும் சோதனையே. எதிர்பார்ப்பின் விளைவாகவும் வலி குறையக்கூடும் என்பதால், குறுகிய நேரம் வேலை செய்யும் லிடோகெயினை ஒரு நாளும், நீண்ட நேரம் வேலை செய்யும் பியூபிவக்கெயினை மற்றொரு நாளும் செலுத்தி, வலி நீங்கும் நேரம் மருந்துக்கு ஏற்ப மாறுகிறதா என்று ஒப்பிடுவது நம்பகமான முறையாகும்.

நம்பிக்கை: நரம்பைச் சுட்டுவிட்டால் வலி திரும்பாது.

உண்மை: சோதனையில் உறுதியானவர்களுக்குக் கதிரலை வெப்பத்தால் உட்கிளையைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை உண்டு. வாகன விபத்துக்குப் பின் வலியுற்ற 24 பேரிடம் நடத்தி 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முந்தைய வலியில் பாதியளவேனும் திரும்புவதற்கு, சிகிச்சை பெற்றோருக்கு இடைநிலையாக 263 நாள்களும், வெப்பம் செலுத்தப்படாத ஒப்பீட்டுக் குழுவினருக்கு 8 நாள்களும் ஆயின. நரம்பு மீண்டும் வளரும்போது வலியும் திரும்பக்கூடும். அப்போது சிகிச்சையை மறுபடியும் செய்யலாம்.

கை மரத்துப்போதல், விரல்களில் வலுக்குறைவு, நடையில் தடுமாற்றம், சிறுநீர்க் கட்டுப்பாட்டில் மாற்றம், காய்ச்சல் ஆகியவை கழுத்து வலியுடன் சேர்ந்து வந்தால், மூட்டைத் தாண்டி நரம்புவேர், தண்டுவடம், தொற்று ஆகியவற்றைப் பற்றி மருத்துவர் உடனடியாக ஆராய வேண்டும். இத்தகைய அறிகுறிகள் இல்லாமல், மாதக்கணக்கில் உடற்பயிற்சியும் மருந்தும் பயன்தராத வலிக்கே இந்த ஊசி பொருந்தும். எந்த மூட்டைச் சோதிக்கிறார்கள், வலி எத்தனை மணி நேரம் விலகியது என்பவற்றை நோயாளி கேட்டும் குறித்தும் வைத்தால்தான் அதன் விடை மருத்துவருக்கு உதவும்.