பசுவின் மரபும் பாலின் திரட்சியும்

புதுவைக்கு மேற்கே மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் உள்ள திருக்கனூர் போன்ற ஊர்களிற் பசு வாங்கச் செல்வோர் முதற்கண் கேட்பது, "வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதே. அவ்வினா தக்கதே. ஆயினும், பாலைத் திரட்டிப் பாலாடைக்கட்டி செய்வோர்க்கு அது போதாது. அத்தொழில் புதுவையை அடுத்த ஆரோவில்லில் நடைபெற்று வருதலின், அதற்கேற்ற பசுவைத் தெரிந்தெடுக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

பசும்பாலிலுள்ள புரதத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு கேசீன் என்பதாகும். அது நுண்ணிய உருண்டைகளாய்ப் பாலில் மிதக்கின்றது. அவ்வுருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாவண்ணம் அவற்றின் மேற்புறத்தே நின்று தடுப்பது காப்பா கேசீன் என்னும் வகை. கன்றின் இரைப்பையினின்று எடுக்கப்படும் ரென்னட் என்னும் உறைபொருளைப் பாலிற் சேர்த்தால், அஃது இக்காவலை அறுத்துவிடும். உடனே உருண்டைகள் வலைபோற் பின்னிக்கொள்ளும், கொழுப்பு அதனுள் அகப்படும், தெளிநீர் வடியும்.

இக்காப்பா கேசீனில் ஏ, பி என்னும் இரண்டு வகைகள் பெரும்பான்மையாய்க் காணப்படுகின்றன. இவற்றிடையே உள்ள வேற்றுமை இரண்டு அமினோ அமிலங்களே. எனினும், பி வகைப் பால் விரைந்து உறையும், கட்டியும் உறுதியாகும், தெளிநீரோடு கழியும் கொழுப்புங் குறையும். ஜெர்சி மாட்டிலும், பிரான்சு தேசத்து நார்மாண்ட் மாட்டிலும் பி மிகுதி. குடம் நிறையக் கறக்கும் ஹோல்ஸ்டீனிலும், நம் நாட்டுத் திமில் மாடுகளிலும் ஏ வகையே மிகுதி. குடம் நிறைந்த அளவிற்குக் கட்டியும் நிறையும் என்று எண்ணுதற்கில்லை.

இவ்வியல்பு மரபுவழி வருவது. கன்று தாயினிடமிருந்து ஒன்றும் தந்தையினிடமிருந்து ஒன்றுமாக இரண்டு கூறுகளைப் பெறுகின்றது. இரண்டும் ஏ ஆகிய பசுவிற்கு, இரண்டும் பி ஆகிய பொலிகாளையின் சினை ஊசி இட்டால், பிறக்கும் கிடேரி ஒரு பி உடையதாகும். அக்கிடேரியை அத்தகைய வேறொரு காளையோடு சேர்ப்பின், ஈனும் கன்று இரண்டு பி பெறுதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. காளை பால் தருவதில்லையே, அதன் இயல்பை அறிவதெங்ஙனம் எனின், மயிரின் வேரையோ குருதியையோ மரபணுச் சோதனை செய்து இந்நாளில் எளிதில் அறியலாம்.

ஆயினும், இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தயிர் புளிப்பினாலும், பனீர் சூட்டினாலும் புளிப்பினாலும் உறைவன. ஆதலின், பி வகையின் சிறப்புப் பெரும்பாலும் ரென்னட்டாற் செய்யும் கட்டிக்கே உரியது. கூட்டுறவுச் சங்கங்களோ கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்தே விலை தருகின்றன. ஆகவே, சங்கத்திற்குப் பால் ஊற்றும் சிறு குடியானவர், பி ஒன்றையே நாடி, வெப்பந் தாங்கும் உடலையும் காலத்திற் சினை பிடிக்கும் இயல்பையும் கைவிடுதல் நட்டமாகும். பிற குணங்களில் ஒத்த இரண்டு ஜெர்சிக் காளைகளுள் ஒன்றைத் தெரியவேண்டின், அப்பொழுது பி உடையதைக் கொள்க. கட்டி செய்வோரும் அத்தகைய பாலுக்கு மிகுவிலை தருதல் முறை. தாராவிடின், குடியானவர் அதன்பொருட்டு முயல்வது எற்றுக்கு?

இன்று இடும் சினை ஊசியின் பலனை ஏறக்குறைய மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே கறந்து காண்கிறோம். பிழைபடத் தெரிந்தால் அத்தனை ஆண்டின் தீவனமும் உழைப்பும் வீண். ஆகலான், ஊசி இடுமுன், "எத்தனை லிட்டர்?" என்பதோடு, "இப்பால் எதன்பொருட்டு?" என்றும் கேட்டுக்கொள்வோமாக.