எங்கிருந்து வந்தது? தூசிக்கு வைத்த நீண்ட பெயர்கள்

கேள்வி: ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் ஒரு நுரையீரல் நோயின் பெயர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்தேன். அந்தப் பெயரை வைத்தது யார்? எரிமலைத் தூசியால் வரும் நோய் என்று போட்டிருக்கிறது. மலையில் வசிக்கும் எங்களுக்கும் வருமா?
- பிளஸ் டூ மாணவி, சிறுமலை

பதில்: 'நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்.' ஆங்கிலத்தில் 45 எழுத்துகள். மருத்துவர் யாரும் வைத்த பெயரல்ல இது. 1935 பிப்ரவரியில் அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர் சங்கம் நியூயார்க்கில் கூடியபோது, அதன் தலைவர் எவரெட் ஸ்மித் கட்டிய சொல். செய்தித்தாளில் வெளிவந்து, பிறகு வெப்ஸ்டர், ஆக்ஸ்போர்டு அகராதிகளிலும் ஏறிவிட்டது. நீளத்துக்காகவே செய்யப்பட்ட சொல் என்பதை ஆக்ஸ்போர்டு மறைக்காமல் சொல்கிறது.

பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். நியூமோன் என்றால் கிரேக்கத்தில் நுரையீரல். அல்ட்ராமைக்ராஸ்கோபிக், சாதாரண நுண்ணோக்கியில்கூடத் தெரியாத அளவு சிறியது. சிலிகோ, சக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் லத்தீன் 'சிலெக்ஸ்' வழியாக வந்தது. வால்கேனோ எரிமலை. கோனிஸ், கிரேக்கத்தில் தூசி. கடைசியில் வரும் ஓசிஸ், ஒரு நிலையை, பெரும்பாலும் நோய்நிலையைச் சொல்வது.

இதில் எரிமலை வெறும் அலங்காரம். அதையும் மற்ற ஒட்டுகளையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது சிலிகோசிஸ். 1870இல் விஸ்கோன்டி என்ற இத்தாலிய மருத்துவர் வைத்த பெயர் அது. புதிர்க்காரர்கள் விளையாட்டாகச் சொல் கட்டிய அதே 1930களில், மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தில் சிலிக்காப் பாறையை உலர்ந்தபடியே துளைத்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், இந்த நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். அது யூனியன் கார்பைடு நிறுவனத்துக்காகத் தோண்டப்பட்ட சுரங்கம். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அதை விசாரித்தது. 45 எழுத்துச் சொல் வினாடி வினாவில் வாழ்கிறது. ஹாக்ஸ் நெஸ்ட் என்ற பெயரை எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் மலைக்கு வருவோம். சிறுமலைப் பாறை எரிமலை கக்கியதல்ல. பூமிக்குள் வெகு ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான சார்னோக்கைட். (கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பல்லாவரத்துப் பாறை; அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அவர் பெயரையே பாறைக்கும் வைத்தார்.) இந்தப் பாறையில் குவார்ட்ஸ் உண்டு, குவார்ட்ஸ் என்பது சிலிக்காதான். மலை மலையாக இருக்கும்வரை யாருக்கும் கேடில்லை. நீங்கள் தைரியமாக வாழைத்தோட்டத்தில் நடக்கலாம். இப்படிப்பட்ட பாறையைக் கீழே சமவெளியில் கம்ப்ரசர் வைத்துத் துளைக்கும்போதும், கிரஷரில் போட்டு ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைக்கும்போதும்தான் ஆபத்து கிளம்புகிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறிய தூள் மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிக்கிளைக்குப் போய்விடும். அதை விழுங்கி அழிக்க வரும் உயிரணுக்கள் தாமே அழிகின்றன. அந்த இடமெல்லாம் தழும்பாகிறது. வேலையை விட்டபிறகும் தழும்பு வளரலாம். குணமாக்க மருந்து கிடையாது. ஆனால் வராமல் தடுக்கலாம்: தண்ணீர் விட்டுத் துளைப்பது, கிரஷரை மூடி வைத்துத் தூசியை உறிஞ்சுவது, தரமான சுவாசக் கவசம் கொடுப்பது. மூக்கில் கட்டும் துண்டு இந்தத் தூளை நிறுத்தாது.

நீங்கள் எழுத்துப் படித்த சிலேட்டுக் குச்சிக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் அந்தக் குச்சிகளை அறுத்த தொழிலாளர்களிடம் சிலிகோசிஸ் பரவியிருந்ததை, அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆய்வு செய்து பதிவு செய்திருக்கிறது. பலர் இளவயதிலேயே இறந்தார்கள்.

கேள்வி: ஓசிஸ் என்று முடிந்தாலே நோயா?
- ஆசிரியர், நத்தம்

பதில்: இல்லை. உயிரியல் பாடத்தில் வரும் மைட்டோசிஸ் உயிரணு பிரிவது. சிம்பயோசிஸ் இரண்டு உயிர்கள் சேர்ந்து வாழ்வது. தூசி நோய்களில் மட்டும் முன்னால் நிற்கும் துண்டு, எந்தத் தூசி என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆந்த்ரகோசிஸ் நிலக்கரித் தூசி, சிடரோசிஸ் இரும்பு, அஸ்பெஸ்டோசிஸ் கல்நார், பகாசோசிஸ் கரும்புச் சக்கை. இவற்றில் பலவற்றையும் அடக்கும் நியூமோகோனியோசிஸ் என்ற பொதுப்பெயர், 1860களில் ஜெர்மானிய மருத்துவர் சென்கர் வைத்த பெயரிலிருந்து வந்தது.

கேள்வி: மில்லில் கார்டிங்கில் வேலை. லீவு முடிந்து முதல் நாள் ஷிப்டுக்குப் போனால் நெஞ்சு அடைக்கிறது, மறுநாள் குறைகிறது. இதற்கும் பெயர் இருக்கிறதா?
- வாசகர், வேடசந்தூர்

பதில்: இருக்கிறது, பிசினோசிஸ். பிசோஸ் என்பது கிரேக்கத்தில் மெல்லிய லினன் துணி. 1877இல் இந்தப் பெயரைப் பயன்படுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் புரூஸ்ட். வாழ்நாளெல்லாம் ஆஸ்துமாவால் தவித்த நாவலாசிரியர் மார்சல் புரூஸ்ட் அவருடைய மகன்.

நீங்கள் சொல்வதுதான் இந்த நோயின் முதல் அடையாளம். ஞாயிறு விடுமுறை உள்ள நாடுகளில் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே சொன்னார்கள். பஞ்சுத் தூசி அதிகம் பறக்கும் புளோ ரூம், கார்டிங் பிரிவுகளில்தான் இது மிகுதி. நெஞ்சடைப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதனால் மருத்துவரைப் பார்த்தே தீரவேண்டும். தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து விலகினால் மூச்சு திரும்பிவிடும். வருஷக்கணக்கில் விட்டால் திரும்பாது.

கேள்வி: இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு தொழிலாளிக்கு என்ன பயன்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நிறைய. இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களைப் பட்டியலிடும் சட்ட அட்டவணையில் சிலிகோசிஸ், அஸ்பெஸ்டோசிஸ், பகாசோசிஸ், பிசினோசிஸ் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. மருத்துவச் சீட்டில் 'இளைப்பு' என்று மட்டும் இருந்தால் அந்த அட்டவணை உதவாது. ராஜஸ்தான் 2019இல் நியூமோகோனியோசிஸுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

பெயரைக் குழப்புவதும் இன்னொரு ஓசிஸ்தான்: டியூபர்குலோசிஸ், காசநோய். சிறு கட்டி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எக்ஸ்ரேயில் சிலிகோசிஸும் காசநோயும் ஒன்றுபோலத் தெரியலாம். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றுவதால் இரண்டும் சேர்ந்தும் வரும். காசநோய் மாத்திரையை முடித்த பிறகும் மூச்சு வாங்குகிறவர்களிடம், கல்குவாரியில் இருந்தாயா என்று யாராவது கேட்கவேண்டும்.

1700இல் தொழில்நோய்களைப் பற்றி முதல் பெரிய நூலை எழுதிய இத்தாலியர் ரமஸ்ஸினி, நோயாளியிடம் மறக்காமல் கேட்கவேண்டும் என்று மருத்துவர்களிடம் சொன்ன கேள்வி அதுதான்: என்ன வேலை செய்கிறீர்கள்? அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் கேட்க நேரமில்லாமல் போகலாம். நீங்களே சொல்லுங்கள். என்ன வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருஷம் என்பதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள்.