காலத்துக்கு முந்தின பனி

வேதபாடம்: நீதிமொழிகள் 31:21, லூக்கா 13:4,5, யாக்கோபு 2:15,16



போன மாதம் வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் நீதிமொழிகள் 31-ம் அதிகாரத்தைத் தியானித்தோம். அந்தக் குணசாலியான ஸ்திரீ தன் வீட்டாருக்கு முன்கூட்டியே உடை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தாள், ஆகவே பனிக்காலம் வந்தாலும் அவளுக்குப் பயமில்லை என்று விளக்கினேன். "ஆயத்தமா இருக்கிறவனுக்கு ஒரு பயமும் இல்லை!" என்று சத்தமாகவே சொன்னேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு சகோதரி மெதுவாகக் கேட்டார்: "பாஸ்டர், அந்த அம்மா துணி தைச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே பனி விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேம்மா" என்று சொல்லி, ஜெபித்து முடித்துவிட்டேன். அந்தச் சகோதரியின் கணவர் 8 மாதத்துக்கு முன் தமது 38-வது வயதில் மாரடைப்பால் திடீரென்று மரித்துப்போனவர். அவர் கேட்டது பனியைப் பற்றி அல்ல என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

நாமெல்லாம் பனி விழுகிறதைப் பார்க்காத ஊர்க்காரர்கள். ஆகவே முந்திக்கொண்டு வரும் பனி என்ன செய்யும் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2013-ம் வருஷம் நடந்த ஒரு காரியம் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்திவிட்டது. அதை மூன்று குறிப்புகளாக உங்களுக்குத் தருகிறேன்.

1. ஆயத்தம் ஒரே ராத்திரியில் வளராது

சவுத் டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதி மாடு வளர்க்கிற சீமை. வெயில் மாதங்களில் மாடுகளைத் திறந்த புல்வெளியில் மேயவிடுவார்கள். குளிர் நெருங்கும்போது, மரமும் பள்ளத்தாக்கும் காற்றைத் தடுக்கிற மறைவான இடங்களுக்கு ஓட்டி வருவார்கள். பனி அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வருஷம் அக்டோபர் முதல் வாரத்திலேயே, 3 முதல் 5-ம் தேதிக்குள், அது வந்துவிட்டது.

முதலில் குளிர்ந்த மழை. மாடுகள் தோல்வரை நனைந்தன. பிறகு மழை பனியாக மாறியது. காற்று மணிக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. ராபிட் சிட்டி நகரத்தில் சுமார் 23 அங்குலம் பனி. பிளாக் ஹில்ஸ் மலையிலுள்ள லீட் என்ற ஊரில் 55 அங்குலம், அதாவது நாலரை அடிக்கும் மேலே!

மாட்டுக்குக் குளிர்கால ரோமம் என்று ஒன்று உண்டு. பகல் பொழுது குறையக் குறைய, குளிர் கொஞ்சங்கொஞ்சமாய்க் கூடக் கூட, அது வாரக்கணக்கில் அடர்ந்து வளரும். அது வளர்ந்தபின் ஜனவரி மாதக் கடுங்குளிரையும் அதே மாடு தாங்கும். அக்டோபர் முதல் வாரத்திலோ அவை மெல்லிய ரோமத்தோடு வெட்டவெளியில் நின்றன. காற்று தள்ளின பக்கமாய் நடந்தன. வேலிகளைப் பனி மூடியிருந்தபடியால், வேலி தாண்டி மைல்கணக்காய்ப் போய், ஓடைகளிலும் பள்ளங்களிலும் விழுந்து மாண்டன. செத்தவை 15,000 முதல் 30,000 வரை இருக்கும் என்று அப்போது கணக்கிட்டார்கள்.

பிரியமானவர்களே, ஜெபமும் வேதவாசிப்பும் அந்த ரோமத்தைப் போன்றவை. புயல் அடிக்கிற அன்று வளர்க்க முடியாது. சின்னச் சின்னக் குளிரில்தான் அது வளருகிறது. காலையில் எழுந்திருக்க மனமில்லாத அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதை அற்பமாக எண்ணாதிருங்கள்.

2. விழுந்தவர்களை நியாயந்தீர்க்காதே

"ஏன் மாட்டை முன்னமே ஓட்டிக்கொண்டு வரவில்லை?" என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். அந்த மனுஷர் சோம்பேறிகள் அல்ல. வருஷா வருஷம் செய்கிறதைத்தான் செய்தார்கள். பனிதான் முந்திக்கொண்டது. கன்றுகளை விற்று வருஷத்து வருமானத்தைக் கையில் பார்க்கிற காலம் நெருங்கியிருந்தது. பசு செத்ததால் அடுத்த வருஷத்துக் கன்றும் வயிற்றோடே போயிற்று.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவர் கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். அதன்பின் யாரைப் பார்த்து மனந்திரும்பச் சொன்னார் தெரியுமா? செத்தவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஜனங்களைப் பார்த்து!

இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். அந்தச் சகோதரியின் கணவருடைய அடக்க நாளில், துக்க வீட்டிலேயே நான் ஆயத்தத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். சேமிப்பு, இன்சூரன்ஸ், விசுவாசம் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினேன். வார்த்தையில் பிழை இல்லை. வேளைதான் பிழை. யோபுவின் சிநேகிதர் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த நல்ல ஊழியம். நான் ஏழு நிமிஷம்கூட உட்காரவில்லை.

அப்போஸ்தலனாகிய பவுலையே பாருங்கள். தன் மேலங்கியைத் துரோவாவில் விட்டுவந்து, சிறையில் குளிர்காலத்தை எதிர்நோக்கி இருந்தார். அதைக் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார் (2 தீமோத்தேயு 4:13,21). பவுலுக்கே மேலங்கி கையில் இல்லாத நாள் உண்டு. தேவனுடைய ஆயத்தம் சில வேளைகளில் இன்னொருவர் கையில் இருக்கிறது.

3. வெறுங்கையோடே போகாதே

அந்தப் புயல் நேரத்தில் அமெரிக்க மத்திய அரசின் அலுவலகங்கள் பல, நிதி ஒதுக்கீட்டுத் தகராறினால், அக்டோபர் 1 முதல் மூடிக் கிடந்தன. கால்நடை இழப்புக்கு உதவும் திட்டமோ 2011-லேயே காலாவதியாகியிருந்தது. 2014 பிப்ரவரியில் புதுச் சட்டம் வந்த பிறகுதான் அந்த உதவிக்கு வழி பிறந்தது.

ஆனால் பக்கத்து மாநிலமாகிய மொன்டானாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் மாடு வளர்ப்பவர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. தங்கள் மந்தையிலிருந்தே சினைக் கிடாரிகளைப் பிரித்தெடுத்து லாரிகளில் அனுப்பினார்கள். முகம் தெரியாத மனுஷருக்கு! ஒருவனுக்கு ஒரு கிடாரி என்றால், மறுபடியும் ஆரம்பிக்க ஒரு பசுவும் ஒரு கன்றும். குளிரில் நிற்கிறவனுக்கு வஸ்திரம் கொடாமல் வாயினால் மட்டும் வாழ்த்தி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறது இதைத்தான்.

அடுத்த வாரம் நானும் என் மனைவியும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனோம். "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, என்ன உதவி வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். அவர் சொன்னார்: "வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போகணும் பாஸ்டர். தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர ஆள் இல்ல."

8 மாதமாய் நாம் ஒவ்வொரு ஆராதனையிலும் அவருக்காக ஜெபித்தோம். கூட வர ஆள் இல்லை! திங்கட்கிழமை நாங்கள் இருவரும் அவரோடு போனோம்.

அவர் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். துணி தைத்து முடிக்குமுன் பனி விழுந்தால், பக்கத்து வீட்டுக்காரி தன் கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். அதற்காகத்தான் கர்த்தர் சபையை வைத்திருக்கிறார்.

சிந்திக்க:
1. என்னுடைய அனுதின ஜெபநேரம் வளருகிறதா, குறைகிறதா?
2. பாடுபடுகிற ஒருவரை வார்த்தையினால் நான் காயப்படுத்தினது உண்டா? அவரிடத்தில் போனேனா?
3. இந்த வாரம் யாருடைய வீட்டுக்கு, எதை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்?

கர்த்தர் தாமே இந்த வார்த்தைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.