விண்தாரைகளும் பல்லொளி ஆய்வும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலையொட்டி வாழும் மக்களுக்குக் கலங்கரை விளக்கம் புதியதொரு பொருளன்று. 1894 முதல் சென்னை உயர்நீதிமன்றக் கோபுர உச்சியிலிருந்தும், 1977 முதல் மெரினாக் கரையிலிருந்தும் அது கலஞ்செலுத்துவோர்க்கு ஒளி காட்டி வந்துள்ளது. ஒளிக்கற்றை நம்மை நோக்கும்போது கண் கூசுகிறது; விலகியதும் விளக்கு மங்கித் தோன்றுகிறது. விளக்கின் ஆற்றல் குறையவில்லை, திசையே மாறியது. 'பிளேசார்' என்று வானியலார் வழங்கும் விண்மீன் திரள்களை அறிவதற்கு இவ்வெளிய உண்மையே வாயிலாகும்.

சில விண்மீன் திரள்களின் நடுவே, சூரியனைப்போல் பல கோடி மடங்கு நிறையுடைய கருந்துளை ஒன்று உளது. அதனை நோக்கி விழும் பொருளில் ஒரு பகுதி உள்ளே செல்லாது, ஒளியின் விரைவை நெருங்கிய விரைவில் எதிரெதிர்த் திசைகளில் பீறிட்டுப் பாய்கிறது. ஆங்கிலத்தார் இதனை 'ஜெட்' என்பர். நாம் 'தாரை' எனலாம். குறுகி, அறுபடாமல், விசையுடன் ஒழுகுவதைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் நமக்கு வேண்டுவதில்லை. தாரை நம் திசையை நோக்கி அமைந்துவிட்டால் அத்திரளே பிளேசார். கலங்கரை விளக்கின் உவமை இவ்வளவில் நின்றுவிடும்; விளக்குச் சுழல்வதுபோல் தாரை சுழல்வதில்லை.

இவ்வினத்துள் ஒன்று 1929-இல் ஒளி மாறும் விண்மீன் என்றே பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது விண்மீனன்று என்னும் ஐயத்தை எழுப்பியது வானொலி அலை. 1968-இல் அவ்விடத்திலிருந்து வானொலி அலைகள் வருவதை உணர்ந்த பின்னரே அறிஞர் அதனை மீண்டும் ஆராயத் தலைப்பட்டனர். கண்ணொளி ஒன்றையே நம்பியிருந்தால் அத்தவறு இன்னும் நெடுங்காலம் நீடித்திருக்கும்.

வானொலி அலை, அகச்சிவப்பு, கண்ணொளி, புறஊதா, எக்ஸ் கதிர், காமாக் கதிர் யாவும் ஒளியே. அலைநீளத்தால் மட்டும் வேறுபடுவன. பிளேசார் ஒன்றின் ஆற்றலை இவ்வரிசை முழுவதும் அளந்து வரைந்தால் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகுபோல் இரு மேடுகள் எழுகின்றன. முதல் மேட்டின் காரணம் தெளிவானது: காந்தப்புலத்தில் சுழன்றோடும் எலெக்ட்ரான்கள் உமிழும் ஒளி அது. இரண்டாம் மேடுதான் வழக்குக்குரியது. அதே எலெக்ட்ரான்கள் ஒளித்துகள்களை மோதி உயர்த்துகின்றன என்பார் ஒரு சாரார். புரோட்டான்களின் செயலும் அதில் உண்டென்பார் மற்றொரு சாரார்.

இவ்வழக்கைத் தீர்க்க இரு மேடுகளையும் ஒரே காலத்தில் அளத்தல் வேண்டும். பிளேசாரின் ஒளி நாள்தோறும் மாறும். சிலவற்றின் காமாக் கதிர் சில நிமிடங்களுக்குள்ளேயே பன்மடங்கு ஏறி இறங்கும். இன்று எடுத்த எக்ஸ் கதிர் அளவையும் அடுத்த மாதம் எடுத்த காமாக் கதிர் அளவையும் ஒட்டவைப்பது, பெருநாளில் எடுத்த தந்தையின் முகத்தையும் பள்ளிநாளில் எடுத்த மகனின் உடலையும் ஒரு படமாக்குவது போன்றதாகும்.

இத்துறையில் நம் நாட்டின் பங்கு சிறிதன்று. உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. கோவிந்த் சுவரூப் அதற்கெனத் தேர்ந்த மலைச்சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை; அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆதலால் தொலைநோக்கியின் நெடிய அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அவ்வச்சில் திருப்பிக்கொண்டே ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்திற்கும் மேலாகத் தொடரலாம். தொலைவிலுள்ள வானொலி மூலத்தை நிலவு மறைக்கும் கணத்தைக் கொண்டு அதன் வடிவையும் பருமனையும் கணித்தனர். பிறை பார்த்து மாதம் கணிக்கும் நமக்கு, நிலவையே அளவுகோலாக்கிய இம்முறை தனி மகிழ்ச்சி தருவதாகும்.

எக்ஸ் கதிரும், புறஊதாக் கதிரின் பெரும்பகுதியும் காற்று மண்டலத்தைக் கடந்து தரைக்கு வருவதில்லை. ஆகவே 2015 செப்டம்பர் 28-ஆம் நாள், நம் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'அஸ்ட்ரோசாட்' ஏவப்பெற்றது. புறஊதாக் கருவியும் எக்ஸ் கதிர்க் கருவிகளும் ஒரே கலத்தில் ஒரே திசை நோக்கிப் பொருத்தப்பட்டமையே அதன் சிறப்பு. காமாக் கதிரும் தரையை எட்டுவதில்லை. எனினும் பேராற்றலுடையது காற்றைத் தாக்கும்போது நொடியில் நூறுகோடியில் சில பங்கே நிற்கும் நீல மின்னல் தோன்றும். இலடாக்கின் ஹான்லேயில், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 2024-இல் திறக்கப்பெற்ற 'மேஸ்' தொலைநோக்கி அம்மின்னலைப் பிடிப்பதற்கானது.

புரோட்டான் தரப்பினர்க்கு 2017 செப்டம்பர் 22-ஆம் நாள் ஒரு சான்று கிடைத்தது. தென்துருவப் பனிக்கடியில் புதைந்த ஐஸ்கியூப் கருவிகள் உயராற்றல் நியூட்ரினோ ஒன்றைப் பதிவு செய்தன. எலெக்ட்ரான்கள் மட்டும் அத்தகைய நியூட்ரினோவைத் தோற்றுவிக்க இயலா. அது வந்த திசையில் பிளேசார் ஒன்று அப்போது காமாக் கதிரில் பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நியூட்ரினோவைக் கொண்டு தீர்ப்பெழுத அறிஞர் இன்னும் முன்வரவில்லை. நாமும் விரைய வேண்டுவதில்லை. அப்பிளேசார் ஓரியன் விண்மீன் குழுவில் உள்ளது. மணலி ஆலைகளின் வெளிச்சத்தையும் புகையையும் மீறித் தை மாத இரவில் நம் மாடிகளிலிருந்து அக்குழுவின் தோள்மீன்களைக் காணலாம். பிளேசாரை அங்கே வெறுங்கண்ணால் தேடிப் பயனில்லை. அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள் ஆகின்றன.