எஃப் அனுமதி கிடைத்தால் கேஸ் முடிஞ்சுதா?

சுவிசில் தஞ்சம் கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பலர் எங்களிடம் கேட்பது இதுதான்: "அண்ணை, எஃப் கிடைச்சால் கேஸ் வெண்டமாதிரித்தானே?" இல்லை. ஏன் இல்லை என்பதை இந்த இதழில் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

எஃப் தருகிற கடிதத்தைப் பொறுமையாக மொழிபெயர்த்து வாசியுங்கள். பெரும்பாலும் அதில் மூன்று விடயம் இருக்கும். உங்கள் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. நீங்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஆனால் அந்த வெளியேற்றம் இப்போதைக்கு நிறைவேற்றப்படாது. இந்த மூன்றாவது வரிதான் உங்கள் எஃப். (அகதி என்று ஏற்றுக்கொண்டே எஃப் கொடுப்பதும் உண்டு. அது வேறு கதை.)

ஏன் நிறைவேற்றவில்லை என்பதற்குச் சட்டத்தில் மூன்று காரணங்கள் உள்ளன. திருப்பி அனுப்பினால் சித்திரவதை போன்ற ஆபத்து இருக்கிறது, சர்வதேசச் சட்டம் அனுமதிக்காது என்பது ஒன்று. ஜேர்மன் கடிதத்தில் "உன்சுலெசிக்" என்று இருக்கும். யுத்தம், பொதுவான வன்முறை, கடும் நோய் காரணமாக அனுப்புவது நியாயமில்லை என்பது இன்னொன்று, அது "உன்சுமூட்பார்". பயணப் பத்திரம் எடுக்க முடியாது என்பதுபோல நடைமுறையில் இயலாவிட்டால் "உன்மொக்லிக்". உங்கள் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று சட்ட ஆலோசகரிடம் கட்டாயம் கேளுங்கள். யுத்தத்தைக் காட்டித் தந்த அனுமதி, யுத்தம் முடிந்தது என்று அரசாங்கம் சொன்னதும் ஆட்டம் காணும். அட்டையைக் கன்ரோன் 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். காரணம் இன்னும் இருக்கிறதா என்று பேர்ன் இடைக்கிடை பார்க்கும். இல்லையென்று கண்டால் எஃப்பை எடுத்துவிடலாம்.

இது எவ்வளவு கெதியாக நடக்கும் என்பதற்குக் கொசோவோ மக்கள் உதாரணம். 1999 வசந்தத்தில் அவர்களுக்குக் கூட்டாகத் தற்காலிக ஏற்புக் கொடுத்தார்கள். யூனில் யுத்தம் நின்றது. ஓகஸ்டிலேயே ஏற்பு ரத்து. 2000 மே முடிவுக்குள் திரும்பவேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். தானாகப் போகிறவர்களுக்குப் பண உதவி இருந்தது. முந்திப் பதிந்தவர்களுக்குக் கூட, பிந்தினவர்களுக்குக் குறைய. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடிந்த வீட்டுக்குத்தான் திரும்பினார்கள்.

எங்கட ஆக்களுக்கு நடந்தது இவ்வளவு வேகமாக இல்லை. 2009 மேயில் யுத்தம் முடிந்தபிறகு, 2011இல் சமஷ்டி நிர்வாக நீதிமன்றம் வடக்குக் கிழக்குக்குத் திருப்பி அனுப்புவது பொதுவாக நியாயமானது என்றது; வன்னியை மட்டும் விட்டது. 2013இல் சுவிஸ் திருப்பி அனுப்பிய இரண்டு தமிழர் இலங்கையில் கைதான பிறகு, அனுப்புவதைக் கொஞ்சக்காலம் நிறுத்தினார்கள். 2017இல் வந்த தீர்ப்பு, வீடு, உறவு, பிழைப்பு வழி இருந்தால் வன்னிக்கும் அனுப்பலாம் என்றது.

ஆகவே "நாட்டில பிரச்சினை" என்று மட்டும் சொல்வதில் பலம் குறைவு. 2016 யூலைத் தீர்ப்பு ஆளுக்கு ஆள் பார்க்கவேண்டிய விடயங்களைச் சொல்கிறது: இயக்கத்தோடு இருந்த தொடர்பு, கண்காணிப்புப் பட்டியலில் பெயர், வெளிநாட்டில் செய்த அரசியல் வேலை, உடம்பில் தழும்பு, முறையான கடவுச்சீட்டு இல்லாமை, இங்கே நீண்டகாலம் இருந்தது. இவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை முதல் விசாரணையிலேயே சொல்லுங்கள். தழும்பைக் காட்ட வெட்கப்படாதேங்கோ. வைத்தியரின் கடிதம், தடுப்பில் இருந்த கடிதம், எல்லாவற்றுக்கும் போட்டோக்கொப்பி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். எஃப் தந்தாலும், தஞ்சத்தை மறுத்ததற்கு எதிராக அப்பீல் செய்யலாம். சந்தோசத்தில் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்து, கெடு தவறவிட்டவர்கள் கனபேர். விரைவு நடைமுறையில் 7 வேலைநாள், நீடித்த நடைமுறையில் 30 நாள். எது உங்களுக்கு என்பது கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கும். முகாமில் உங்களுக்குத் தரப்பட்ட சட்டப் பிரதிநிதி இலவசம், அன்றைக்கே போய்க் கதையுங்கள். "அப்பீல் போட்டால் எஃப்பும் போகுமாம்" என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னால், அதையும் அவரிடமே கேளுங்கள். கட்டில்காரரை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தன்விருப்பில் நாடு திரும்புவது பற்றியும் கேட்கிறீர்கள். ஒவ்வொரு கன்ரோனிலும், சமஷ்டி முகாம்களிலும் இதற்கு ஆலோசனை நிலையம் உண்டு. ரிக்கெட், கையில் கொஞ்சக் காசு, சிலருக்குச் சிறுதொழில் உதவியும் கிடைக்கும். போய் விசாரிப்பதாலேயே நீங்கள் திரும்பச் சம்மதித்ததாக ஆகாது. அம்மா கடும் வருத்தம் என்று போக நினைக்கிறவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் தஞ்சக் கோரிக்கையை மீளப்பெறும் பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் உங்கள் கேஸ் அத்தோடு மூடப்படும். விளங்காத பத்திரத்தில், யார் அவசரப்படுத்தினாலும், கையெழுத்து வைக்காதேங்கோ. "மொழிபெயர்ப்பாளர் வேணும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எஃப் எடுத்தவர்கள் இன்னுமொன்றைக் கவனியுங்கள். அனுமதி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் எஃப் தானாக இல்லாமல் போகும். சுவிசில் ஐந்து வருடம் கடந்தபின் கன்ரோனிடம் பி அனுமதி கேட்கலாம். வேலை, மொழி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், திரும்பிப்போவது எவ்வளவு கஷ்டம் என்பதெல்லாம் பார்ப்பார்கள். மொழி வகுப்புச் சான்றிதழையும் சம்பளத் துண்டையும் முதல் மாதத்திலிருந்தே ஒரு பைலில் போட்டு வையுங்கள்.