ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த பஸ்?

கள்ளக்குறிச்சிக்காரர்களிடம் லீவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் ஏற்காடு, புதுச்சேரி என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு விடியற்காலையில் எழ வேண்டும், பணம் எடுத்து வைக்க வேண்டும், மறுநாள் அலுப்பில் வேலைக்குப் போக வேண்டும். காலை இட்லியை முடித்துக்கொண்டு கிளம்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிற தூரத்திலேயே மூன்று வழிகள் இருக்கின்றன: வடமேற்கே கல்வராயன் மலை, கிழக்கே தியாகதுருகம், வடகிழக்கே திருக்கோவிலூர். எதற்குக் கிளம்புவது என்பதை மழையும், கூட வருகிறவர்களின் முழங்காலும் முடிவு செய்யும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மலைதான். ஆனால் எல்லா மாதத்துக்கும் அது சரிப்பட்டு வராது. மழை பொய்த்த வருஷத்துச் சித்திரையில் பெரியார் நீர்வீழ்ச்சிக்குப் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். கிளம்புமுன் பேப்பரில் கோமுகி அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அணையின் மொத்த உயரம் 46 அடி. கல்வராயனில் பெய்கிற மழைதான் அங்கே வந்து சேர்கிறது. மட்டம் நாளுக்கு நாள் ஏறினால் மேலே ஓடைகள் ஓடுகின்றன என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகையில் இப்படி ஏறும். கனமழை எச்சரிக்கை வந்த நாளில் மட்டும் அருவிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

சொந்த வண்டி இருந்தால் கச்சிராயபாளையம் வழியாக ஏறி, வெள்ளிமலை, கரியாலூர் படகுத்துறை என்று நிதானமாகச் சுற்றலாம். பஸ்ஸை நம்பிப் போகிறவர்கள் வெள்ளிமலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவையுங்கள். ஆலை அரவை நடக்கும் மாதங்களில் கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். அவசரக்காரர்களுக்கு அது தொல்லை, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பலா சீசனில் போனால் பழம், மற்ற நாளில் தேன், புளி, சாமை அரிசி என்று ஏதாவது பையில் ஏறும். ஒரு வார்த்தை: 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. மலையாளிப் பழங்குடியினர் அங்கே குடும்பம் நடத்துகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்காமல் போட்டோ எடுப்பது நமக்கு அழகல்ல. நம்மவர்கள் அருவியில் விட்டுவருகிற பாட்டில்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

தியாகதுருகம் அரை நாள் கணக்குக்கூட இல்லை. மூன்று மணிக்கு பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஊரை ஒட்டியே நிற்கிற கோட்டை மலைதான் விசேஷம். பிரெஞ்சுக்காரர், ஐதர் அலி என்று கைமாறி 1761இல் ஆங்கிலேயரிடம் போன கோட்டை. மேலே நிழல் குறைவு, ஏற்றம் செங்குத்து; கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. அப்பா அம்மாவைக் கூட்டிப்போய்விட்டுப் பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

திருக்கோவிலூருக்கு மட்டும் முழு நாள் ஒதுக்குங்கள். பஸ்ஸில் வரும்போதே உலகளந்த பெருமாள் கோயிலின் ராஜகோபுரம் கண்ணில் பட்டுவிடும். பதினொரு நிலை, 192 அடி. உள்ளே ஒரு காலைத் தூக்கி நிற்கிற மூலவர் கல் அல்ல, மரம் என்கிறார்கள். சங்கு வலக்கையிலும் சக்கரம் இடக்கையிலுமாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் இந்த மேனியின் முன் கூடுதலாக இரண்டு நிமிஷம் நிற்கலாம். ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க மட்டுமே இடமிருந்த இடைகழியில், மழை ராத்திரியில் முதலாழ்வார் மூவரும் நெருக்கியடித்து நின்ற கதை இந்த ஊர்க் கதைதான்.

அங்கிருந்து கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயில் பக்கம்தான். அதன் அருகே தென்பெண்ணையில் ஒரு பாறை, பாறைமேல் சின்னச் செங்கல் கோயில். கபிலர் குன்று என்பார்கள். நண்பன் பாரி இறந்தபின் அவன் பெண்களுக்கு வழி செய்துவிட்டு, கபிலர் உயிர்விட்ட இடம். அவர் அங்கே தீப்புகுந்ததாக ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. மணல் தெரிகிற நாட்களில் கரையோரம் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். புளியோதரைக்கு அந்தக் காற்று தனி ருசி தருகிறது என்பது என் கட்சி.

மழை நின்ற மறுவாரம், கையில் பைக், கூட நண்பர்கள் என்றால் மலை. பெரியவர்களும் குழந்தைகளுமாக பஸ்ஸில் என்றால், யோசிக்காமல் திருக்கோவிலூர். பதினொரு மணிக்குள் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்துவிடுங்கள். மதியம் நடை சாத்திவிட்டால் மறுபடி சாயங்காலம்தான் திறப்பார்கள்.