மாணிக்கக் குழியில் கிடைத்த எலும்புகள்: சிறு பிள்ளைகளுடன் இரத்தினபுரி நூதனசாலைக்கு

நூதனசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களில் பெரும்பாலோர், வந்தது வந்தோம், எல்லா அறைகளையும் எல்லாக் கண்ணாடிப் பெட்டிகளையும் காட்டிவிடுவோம் என்ற பேராசையினால், ஐந்து வயதுக் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்றி, கடைசியில் அழுகையும் அலுப்புமாக வெளியே வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மூத்த பேரனுடன் நானும் ஒருமுறை அப்படித்தான் வந்தேன். இளைய பேத்தியுடன் போனபோது மூன்றே மூன்று விஷயங்களை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மூன்றும் இன்றுவரை அவள் ஞாபகத்தில் இருக்கின்றன. ஆகையால் கொஞ்சம் பார்ப்பதற்காகவே புறப்படுங்கள் என்பதுதான் நான் சொல்லப்போகும் முறையின் சாரம்.

சப்ரகமுவத் தோட்டங்களில் வாழும் நமக்கு இவ்விஷயத்தில் ஒரு பாக்கியம் உண்டு. இரத்தினபுரியில், எஹெலேபொல அதிகாரத்தின் பெயரால் வழங்கும் பழைய வளவிலே, 1988இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையில் இருக்கும் நீர்யானை, காண்டாமிருகம், யானை ஆகியவற்றின் பூர்வகால எலும்புகளும் பற்களும் எங்கோ தூரதேசத்திலிருந்து கப்பலேறி வந்தவை அல்ல. நம் ஊர் மனிதர் மாணிக்கக்கல் தேடித் தோண்டிய குழிகளில் அகப்பட்டவை. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, இவ்வெலும்புகளை ஆராய்ந்து, ஒருகாலத்தில் இப்பள்ளத்தாக்கிலே நீர்யானையும் காண்டாமிருகமும் உலாவின என்பதை உலகுக்கு எடுத்துரைத்தார்.

முதல் வேலை, நாளைத் தெரிந்தெடுப்பது. நூதனசாலை திறந்திருக்கும் கிழமைகளை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்து நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். விடுமுறை நாளில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் ஏமாற்றத்தைக் குழந்தை எளிதில் மன்னிப்பதில்லை. மே மாதத்து மழையை நம்பக்கூடாது. 2003ஆம் ஆண்டும் 2017ஆம் ஆண்டும் அம்மாதத்திலேதான் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. மார்கழி தொடங்கிச் சிவனொளிபாத யாத்திரைக் காலமாதலால், வார இறுதியிலும் போயா தினத்திலும் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ஒரு சாதாரண நாள், காலை முதல் பஸ்: இதைவிடச் சௌகரியம் வேறில்லை.

இரண்டாவது வேலையை ஒரு வாரத்துக்கு முன்பே, லயத்து வாசலிலேயே தொடங்கிவிட வேண்டும். பிள்ளையை மாட்டுப்பட்டிக்கு அழைத்துச் சென்று, அசைபோடும் பசுவின் வாயைக் காட்டி, உள்ளே இருக்கும் தட்டையான அரைக்கும் பற்களைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு, கொட்டாவி விடும் நாயின் கூரிய பல்லை எட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள். புல்லைத் தின்னும் பல் ஒரு விதம், இறைச்சியைக் கிழிக்கும் பல் வேறொரு விதம் என்ற இந்த ஒரே பாடம் மனதில் பதிந்துவிட்டால், நூதனசாலையில் எந்தப் பல்லின் முன்னே நிறுத்தினாலும் அது எதைத் தின்ற பிராணி என்று குழந்தை தானே ஊகித்துவிடும். எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டிய அவசியம்கூட இராது.

அதே வாரத்தில் ஒருநாள், அம்மா அரிசி அரிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தண்ணீரோடு அரிசி மேலே ஓட, பாரமான கல் சட்டியின் அடியில் தங்குகிறதல்லவா? ஆறும் அப்படியேதான் செய்தது. மலையிலிருந்து உருண்டு வந்த கற்களில் இலேசானவற்றை அடித்துச் சென்று, பாரமான மாணிக்கத்தையும் நீலத்தையும் சரளைக்கல்லோடு அடியிலே விட்டுச் சென்றது. ஆற்றங்கரையில் மாண்ட பிராணிகளின் எலும்பும் பல்லும் அந்தச் சரளையிலேயே சிக்கி, மேலே மண் படிந்து, காலப்போக்கில் கல்லைப்போல் இறுகிவிட்டன. கல் இருக்கும் இந்தச் சரளைப் படையைக் குழி வேலைக்காரர் ‘இல்லம்’ என்கிறார்கள். அது சிங்களச் சொல்தான். ஆயினும், அத்தனை பிராணிகளுக்கும் கடைசி இருப்பிடமாக அமைந்த படைக்கு நம் பாஷையில் வீட்டைக் குறிக்கும் ஓசையே பெயராக வாய்த்ததை எண்ணி நான் ஆச்சரியப்படுவதுண்டு.

பிரயாணத்தில் முன் இருக்கையில் அமருங்கள். வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைக்கு ஒரு தேசிக்காயும் இரண்டு சொப்பிங் பேக்கும் கைவசம் இருக்கட்டும். கேகாலைப் பக்கத்திலிருந்து அவிசாவளை வழியாக வருபவர்கள், பஸ் குருவிட்டவை நெருங்கும்போது சிங்கத்தின் கதையைச் சொல்லலாம். நம் தேசியக்கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கம் இந்நாட்டுக் காடுகளில் இன்று இல்லை. ஆனால் முற்காலத்தில் இருந்தது என்பதற்குச் சாட்சியாகக் குருவிட்டப் பகுதியில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, 1939இல் தெரணியகல அதற்கு ஒரு விஞ்ஞானப் பெயரையும் சூட்டினார். இதைக் கேட்ட என் பேத்தி, “தாத்தா, மிச்சச் சிங்கம் எங்கே?” என்றாள். “அதைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள், தாயி” என்றேன். இரத்தினபுரி வரும்வரை ஜன்னலிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தவுடன் மலசலகூடம், பிறகு தண்ணீர், அதற்குப் பிறகே நுழைவுச்சீட்டு. ரொட்டியையும் சம்பலையும் உள்ளே கொண்டுபோகாமல், வெளியே வந்து உண்ணும்படி வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்பதை வாயிலிலேயே கேட்டுவிடுவது மரியாதை. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முக்கால் மணி நேரம் தாராளம்.

உள்ளே சென்றதும் பூர்வகாலப் பிராணிகள் இருக்குமிடத்துக்கு நேராகப் போங்கள். யானையின் கடைவாய்ப்பல்லின் முன்னே உட்கார்ந்து, பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து நீங்களும் அதைப் பாருங்கள். வரிவரியாக மேடு பள்ளங்களுடன் இருக்கும் அப்பல்லைக் கண்டால், புதிதாய்க் கொத்திய அம்மிக்கல் நினைவுக்கு வரும். வேலையும் அரைக்கும் வேலையே. நமக்குப் பால்பல் விழுந்து ஒருமுறை முளைப்பதோடு சரி. யானைக்கோ வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பல் வருகிறது, அதுவும் கீழிருந்து மேலாக அல்ல, தாடையின் பின்புறத்திலிருந்து முன்னோக்கி நகர்ந்து வருகிறது. முன்பல் ஆடிக்கொண்டிருக்கும் வயதிலுள்ள பிள்ளைக்கு இதைவிடச் சுவாரசியமான செய்தி கிடையாது. கேகாலைப் பகுதியார் இன்னொரு நாளில், 1975இல் தொடங்கப்பட்ட பின்னவல யானைகள் சரணாலயத்துக்குப் போய், அந்தப் பல் ஓலையை அரைக்கும் வேகத்தை உயிருள்ள வாயிலேயே காட்டலாம்.

அடுத்ததாக நீர்யானை. படத்தில் ஆப்பிரிக்காவோடு சேர்த்துப் பார்த்துப் பழகிய பிராணி நம் ஆற்றிலும் கிடந்தது என்று சொன்னால் பிள்ளை நம்பாது, நம்பவைக்க அவசரப்படாதீர்கள். கேள்வி வரட்டும்.

மூன்றாவதாகப் பழைய மனிதரைப் பற்றிச் சொல்லலாம். குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென, கித்துல்கலவுக்கு அருகே பெலிலென என்னும் குகைகளில், பி. ஈ. பி. தெரணியகலவின் குமாரர் சிரான் தெரணியகல அகழ்ந்து கண்டவற்றிலிருந்து, ‘பலாங்கொடை மனிதன்’ என்று நாம் அழைக்கும் மக்கள் சுமார் 28,000 ஆண்டுகளுக்கு முன்னரே இம்மலைகளில் வசித்தனர் என்று தெரியவந்தது. நகத்தளவு வெண்கல்லைச் சீவிக் கருவியாக்கினார்கள். குரங்கையும் மர அணிலையும் காட்டு நத்தையையும் உண்டார்கள். அவர்கள் குகையில் கடற்சிப்பி மணிகளும் கிடைத்தன. 28,000 என்ற எண் குழந்தைக்கு வெறும் சத்தமே. பாட்டிமாரைக் கொண்டு எண்ணச் சொல்லுங்கள்: இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம் முதல் பாட்டியை எட்ட ஏழெட்டுப் பாட்டிமார் போதும், நத்தை தின்ற அந்தப் பாட்டியை எட்டுவதற்கோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டிமார் வரிசையில் நிற்க வேண்டும். அவ்வரிசை பிரட்டுக்களத்தில் அடங்குமா, ஸ்டோர் வரைக்கும் போகுமா என்ற விவாதத்திலேயே எங்கள் மதியச் சாப்பாடு முடிந்தது.

இன்னும் வேண்டும் என்று கேட்கும் வயது வரும்போது, கொழும்பில் 1877இல் திறந்த தேசிய நூதனசாலையும், அதனருகே 1986இல் திறந்த இயற்கை வரலாற்று நூதனசாலையும் காத்திருக்கின்றன. அதற்கு அவசரம் இல்லை.

திரும்பும் வழியில் மாணிக்கக் குழி பார்க்கலாமே என்ற ஆசை எழும். மழையில் விளிம்பு சரியும் குழிகளின் அருகே சிறு பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்; குழி வேலை செய்யும் உறவினர் இருந்தால், மாலையில் அவரை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துக் கதை கேட்பது உத்தமம். அப்படிக் கேட்கும்போது ஒன்றை மறவாமல் அவரிடம் சொல்லிவையுங்கள். இல்லம் கழுவும் கூடையில், கல்லும் அல்லாத மரமும் அல்லாத பாரமான ஏதேனும் வந்தால், உடைத்துப் பார்க்காமலும் எறிந்துவிடாமலும், அகப்பட்ட ஆழத்தையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, துணியில் சுற்றி, நூதனசாலைக்கு அறிவிக்க வேண்டும். அவர் அதைக் கொண்டுபோகும் நாளில், கூடப் போவதற்குப் பிள்ளையும் தயாராக இருக்கும்.